டிரவுட் ஆற்றுக்கு வேடிங் பூட்ஸ்: காலைக் கடிக்காத ஜோடியைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

டிரவுட் என்னும் குளிர்ந்த நீர் மீனைப் பிடிக்கத் தொடங்குகிறவர்கள் தூண்டில் கோலுக்கும் ரீலுக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஆற்றில் இறங்கி நிற்கப் போடும் வேடிங் பூட்ஸை மட்டும் கடைசி நாளில், கையில் மிச்சமிருக்கும் காசுக்கு, வழக்கமாகப் போடும் ஷூவின் எண்ணைச் சொல்லி வாங்கிவிடுகிறார்கள். புதியவர்களை ஆற்றுக்குக் கூட்டிப்போகும்போது அதன் பலனைப் பார்க்கிறேன். இரண்டு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும், குதிகால் உரசிக் கொப்புளம் வரும். மீன் எழும்பும் நேரத்தில் அவர்கள் கரையில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் பெரும்பாலும் பூட்ஸின் தரத்தில் குறை இருக்காது. வாங்கிய வரிசைதான் தவறு. பூட்ஸுக்குள் போகப்போவது வெறுங்கால் இல்லை. கம்பளி சாக்ஸ் போட்டு, அதன்மேல் வேடர்ஸின் (தண்ணீரில் இறங்கப் போடும் நீர் புகாத கால்சட்டை) நியோப்ரீன் என்னும் நுரை ரப்பர் பாதமும் ஏறிய தடித்த கால். அந்தத் தடிமன் தெரியாமல் பூட்ஸின் அளவைச் சொல்ல முடியாது. அதனால் பூட்ஸ் கடைசியாகத்தான் வர வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் பாதம் மட்டும் நியோப்ரீனில் முடியும் வேடர்ஸுக்கு மேல் தனியாகப் போடும் பூட்ஸைப் பற்றி. பூட்ஸ் ஒட்டியே வரும் வேடர்ஸும் உண்டு. கடும் குளிரில், அதிகம் நடக்காமல் நிற்பவர்களுக்கு அது வசதி. ஆனால் அதில் குதிகாலை இறுக்கிப் பிடிக்க வழியில்லாததால் கல் ஆற்றில் நாள் முழுக்க நடக்க நான் சிபாரிசு செய்வதில்லை.

தொடங்கும் முன் வேண்டியவை

உங்கள் வேடர்ஸ், ஆற்றுக்குப் போடப்போகும் அதே சாக்ஸ், ஒரு தாள், பென்சில், சென்டிமீட்டர் அளவுகோல். நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள். நீண்ட பெருவிரல் நகம் சரியான பூட்ஸையும் சின்னதாகக் காட்டும். இறக்கத்தில் நடக்கும்போது அந்த நகம்தான் முதலில் கறுக்கும்.

1. எந்த ஆறு, எவ்வளவு நடை என்று முடிவு செய்யுங்கள்

கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் மேடிசன் ஆறு போன்ற இடங்களில் அடியில் உருண்டைக் கற்கள், ஒவ்வொன்றிலும் பாசி. அங்கே கணுக்கால் ஒவ்வோர் அடியிலும் ஏதோ ஒரு பக்கம் சாயும். சோல் விறைப்பாகவும் கணுக்காலைச் சுற்றிய பகுதி உறுதியாகவும் இருக்க வேண்டும். மெல்லிய சோல் போட்டால் கல்லின் ஒவ்வொரு முனையும் உள்ளங்காலில் தெரியும். மாலைக்குள் பாதத்தின் வளைவு வலிக்கும்.

அதே நாட்டில் பென்சில்வேனியாவின் லெட்டார்ட் ஸ்பிரிங் ரன் போன்ற சுண்ணாம்புக்கல் ஊற்று ஓடைகள் வேறு மாதிரி. அடியில் மெத்தென்ற வண்டலும் நீர்த்தாவரமும்தான். அங்கே இரும்பு முனை வைத்த கனமான பூட்ஸுக்கு வேலையே இல்லை.

நடையையும் கணக்கில் எடுங்கள். காரை நிறுத்தி நூறு அடியில் ஆறு என்றால் கனம் பெரிய பிரச்சினை இல்லை. மலைப் பாதையில் மூன்று நான்கு கிலோமீட்டர் ஏறி ஓடையைத் தொடுகிறீர்கள் என்றால் கனம்தான் முதல் கேள்வி. தண்ணீர் உறிஞ்சிய பிறகு அது இன்னும் கூடும். திரும்பி வருகிற நடையில் அந்தக் கூடுதல் எடையைத்தான் தூக்கி வருவீர்கள்.

2. அந்த ஊர் சட்டத்தைப் பாருங்கள்

சோலைத் தேர்வு செய்யும் முன்பே இது முடிய வேண்டும். ஃபெல்ட் என்னும் கம்பளம் போன்ற அடிப்பாகம் பல இடங்களில் தடை. நியூசிலாந்து 2008-இல் தடை செய்தது. அமெரிக்காவில் மேரிலாந்து 2011-இலும் அலாஸ்கா 2012-இலும் தடை கொண்டுவந்தன. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 2018 முதல் அனுமதி இல்லை.

காரணம், ஃபெல்ட் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். டிடிமோ என்ற நுண்பாசி, டிரவுட் குஞ்சுகளைச் சுழன்று சுழன்று நீந்த வைக்கும் நோயின் ஒட்டுண்ணி, சில மில்லிமீட்டரே உள்ள நியூசிலாந்து சேற்று நத்தை எல்லாம் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். அந்த நத்தையில் ஒரே ஒரு பெண் போதும், புதிய ஆற்றில் ஒரு கூட்டமே உருவாகிவிடும். மேரிலாந்தின் கன்பவுடர் ஆற்றில் 2008-இல் டிடிமோ கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் அங்கே ஃபெல்ட்டுக்குத் தடை வந்தது.

சட்டம் மாறவும் செய்யும். வெர்மான்ட் 2011-இல் போட்ட தடையை 2016-இல் எடுத்துவிட்டது. நண்பர் சொன்னார் என்று நம்பாமல், அந்த மாநிலத்தின் இந்த ஆண்டு மீன்பிடி விதிகளைப் படியுங்கள். பல மாநிலங்களில் மீன் பிடிக்கிறவர்கள் ஃபெல்ட் வாங்காமல் இருப்பதே நல்லது.

3. சோலை முடிவு செய்யுங்கள்

ஃபெல்ட்: பாசி படிந்த கல்லில் இன்னும் இதற்கு ஈடு குறைவுதான். ஆனால் ஈரப் புல்லிலும் சேற்றுக் கரையிலும் வழுக்கும். பனியில் நடந்தால் அடியில் பனி உருண்டு கட்டியாகி, குதிகால் செருப்பு போட்ட மாதிரி ஆகிவிடும்.

ரப்பர்: கரையில், மலைப் பாதையில் நல்ல பிடி, சீக்கிரம் காயும், கழுவ எளிது. பாசிக் கல்லில் ரப்பர் மட்டும் போதாது. வழுக்காத ரப்பர் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் இதை மனதில் வையுங்கள்.

ரப்பருடன் ஸ்டட்: பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட சிறு திருகுகள் பாசியைத் துளைத்துக் கல்லைப் பிடிக்கும். படகில் ஏறுவதாக இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். தரையைக் கீறும், காற்றடைத்த ராஃப்டைக் கிழிக்கும் என்பதால் பல வழிகாட்டிகள் ஸ்டட் பூட்ஸை ஏற்ற மாட்டார்கள்.

அலுமினியப் பட்டை: ஸ்டட்டை விட மென்மையான உலோகம், கல்லோடு படிந்து பிடிக்கும். உருண்டைக் கல் ஆறுகளில் அருமை. கனம் அதிகம், நீண்ட நடைக்கு ஒத்துவராது.

கோர்க்கர்ஸ் போன்ற சில நிறுவனங்கள் சோலைக் கழற்றி மாற்றும் பூட்ஸ் தருகின்றன. இரண்டு மூன்று விதமான ஆறுகளுக்குப் போகிறவர்களுக்கு அது உபயோகம்.

4. சாக்ஸையும் வேடர்ஸையும் முதலில் வாங்கி முடியுங்கள்

சாக்ஸ் மெரினோ கம்பளியாகவோ கம்பளிக் கலவையாகவோ இருக்கட்டும். பருத்தி வேண்டாம். வேடர்ஸுக்குள் கால் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். ஊறிய தோலில்தான் கொப்புளம் எளிதில் வரும்.

வேடர்ஸின் நியோப்ரீன் பாதம் வழக்கமாக 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். அதன் அளவு உங்கள் பாதத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பலர் இடுப்பையும் உயரத்தையும் பார்த்து வேடர்ஸ் வாங்குகிறார்கள். பாதம் ஒரு அளவு பெரிதாகிவிடும். மிச்சத் துணி விரலுக்கு அடியில் மடிந்து நிற்கும். எவ்வளவு நல்ல பூட்ஸ் போட்டாலும் அந்த மடிப்பு கடிக்கும். பூட்ஸைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுப்பவர்களில் பலருக்கு உண்மையான தொல்லை இந்த மடிப்புதான்.

கோடையில் வேடர்ஸ் இல்லாமல் இறங்குகிறவர்கள் நியோப்ரீன் சாக்ஸ் போடுவார்கள். வேடர்ஸ் பாதத்துக்கு நெருங்கிய தடிமனில் வாங்கினால் அதே பூட்ஸ் இரண்டுக்கும் போதும்.

குளிர்காலத்தில் தடித்த சாக்ஸ் போடுவீர்களா? அப்படியானால் அந்தச் சாக்ஸை வைத்தே அளவு எடுங்கள். கோடையில் கொஞ்சம் தளர்வாக இருந்தால் இன்சோல் சேர்த்துச் சரிசெய்யலாம். குளிரில் இறுக்கமானால் ஒன்றும் செய்ய முடியாது.

5. அளவு எடுங்கள்

மாலையில் எடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் காலையில் இருந்ததை விடச் சற்று வீங்கியிருக்கும். ஆற்றில் நிற்கப்போவது அந்தக் கால்தான்.

தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வையுங்கள். குதிகால் சுவரைத் தொடும்படி, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நில்லுங்கள். உட்கார்ந்து எடுத்தால் பாதம் விரியாது; அளவு குறைவாக வரும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து மிக நீண்ட விரலின் முனையில் ஒரு கோடு போடுங்கள். சிலருக்குப் பெருவிரலை விட இரண்டாவது விரல் நீளம், அதைப் பாருங்கள். பெருவிரலின் மூட்டும் சுண்டுவிரலின் மூட்டும் அகலமாக நிற்கும் இடத்தில் இரண்டு பக்கமும் குறியுங்கள். இரண்டு காலையும் எடுங்கள். பெரிய காலுக்குத்தான் பூட்ஸ்.

இப்போது கணக்கு. 4 மில்லிமீட்டர் நியோப்ரீன் விரலுக்கு முன்னால் ஒரு முறை, குதிகாலுக்குப் பின்னால் ஒரு முறை வருகிறது. மொத்தம் 8 மில்லிமீட்டர். அமெரிக்க அளவில் ஒரு முழு எண் என்பது சுமார் 8.5 மில்லிமீட்டர். 'ஒரு சைஸ் பெரிதாக வாங்கு' என்ற அறிவுரை இதிலிருந்துதான் வந்தது. கணக்கு சரி. ஆனால் பல நிறுவனங்கள் அந்த இடத்தை ஏற்கெனவே உள்ளே விட்டுத்தான் பூட்ஸைத் தைக்கின்றன. அவர்கள் விட்டது ஒரு சைஸ், நீங்கள் கூட்டியது ஒரு சைஸ் என்றால் இரண்டு சைஸ் பெரிதாகிவிடும். குதிகால் உள்ளே ஏறி இறங்கும். கல் ஆற்றில் அது இறுக்கத்தை விட ஆபத்து. அந்த நிறுவனத்தின் அளவுக் குறிப்பில் வேடர்ஸுக்கு இடம் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் கடையில் கேளுங்கள்.

எண்ணில் இன்னொரு குழப்பம். இந்தியாவில் நாம் பழகிய எண் பிரிட்டிஷ் முறை. அங்கே 8 என்றால் அமெரிக்காவில் ஆண்களுக்கு ஏறக்குறைய 9. பெண்களின் அமெரிக்க எண் வேறு. சென்டிமீட்டரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. வேடிங் பூட்ஸில் அரை சைஸ் கிடைப்பது அரிது. எட்டரைக்காரர்கள் ஒன்பதுக்குப் போங்கள், எட்டுக்கு இறங்காதீர்கள்.

அகலத்தைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம்மில் பலருக்கு விரல் பக்கம் பாதம் நன்றாக விரிந்திருக்கும். இந்தப் பூட்ஸின் அச்சோ மேற்கத்திய ஷூ அச்சை ஒட்டியது. நீளம் சரியாக இருக்கும், சுண்டுவிரல் நசுங்கும். அதற்காக நீளத்தில் பெரிய சைஸ் வாங்கினால் குதிகால் தளர்ந்துவிடும். வழி இதுதான்: பூட்ஸின் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, சாக்ஸும் வேடர்ஸும் போட்ட காலோடு அதன்மேல் ஏறி நில்லுங்கள். நியோப்ரீன் விளிம்பில் லேசாக வழிந்தால் பரவாயில்லை, அது அமுங்கும். சுண்டுவிரலே விளிம்பைத் தாண்டினால் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம். வேறு நிறுவனத்துக்குப் போங்கள்.

6. போட்டுப் பாருங்கள்

கடைக்கு வேடர்ஸை எடுத்துப்போகக் கூச்சப்படாதீர்கள். நல்ல கடைகளில் இது வழக்கமான காட்சி. இணையத்தில் வாங்கினால் வீட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் செய்து முடியுங்கள். நனைத்த பூட்ஸை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

லேஸை முழுவதும் தளர்த்தி, விரல்கள் முன்னால் இடிக்கும் வரை காலைத் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் உங்கள் ஆள்காட்டி விரல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சின்னது. இரண்டு விரல் தாராளமாக இறங்கினால் பெரிது.

அடுத்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்கு உட்காரவைத்து, லேஸைக் கட்டி எழுந்து நில்லுங்கள். விரல்களை மேலும் கீழும் அசையுங்கள். ஐந்தும் தடையில்லாமல் அசைய வேண்டும். இது சுகத்துக்காக மட்டும் சொல்வதில்லை. நியோப்ரீன் குளிரைத் தடுப்பது அதற்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகளால். பூட்ஸ் அதை நசுக்கினால் குமிழிகள் அமுங்கி, தடுக்கும் சக்தி குறையும். ரத்த ஓட்டமும் குறையும். டிரவுட் வாழும் தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். அதில் இறுக்கமான பூட்ஸோடு நின்றால் எத்தனை சாக்ஸ் போட்டும் கால் மரத்துப்போகும். 'குளிருகிறது' என்று இரண்டாவது சாக்ஸைத் திணிப்பவர்கள் இன்னும் இறுக்கி, இன்னும் குளிர்ந்து போகிறார்கள்.

பிறகு மாடிப்படி. ஏறும்போது குதிகாலைக் கவனியுங்கள்: ஒரு மயிரிழை அசைந்தால் பாதகமில்லை, பளிச்சென்று தூக்கினால் கூடாது. இறங்கும்போது விரலைக் கவனியுங்கள்: முன்னால் முட்டவே கூடாது. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று பாருங்கள். சோல் வாழைமட்டை மாதிரி வளைந்தால் கல் ஆற்றுக்கு உதவாது. ஒற்றைக் காலில் நின்று உடம்பைப் பக்கவாட்டில் சாயுங்கள். பூட்ஸுக்குள் பாதம் நழுவுகிறதா?

இதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிக்காதீர்கள். இருபது நிமிடமாவது போட்டபடி நடமாடுங்கள். புறங்காலில் லேஸ் அழுத்துவதும் கணுக்கால் எலும்பில் தையல் உரசுவதும் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் தெரியவரும். 'போகப்போகப் பழகிவிடும்' என்று விற்பனையாளர் சொன்னால் ஏற்காதீர்கள். செயற்கைத் துணியும் ரப்பரும் தோல் போல நீண்டு கொடுக்காது. இன்று கடிக்கிற இடம் அடுத்த ஆண்டும் கடிக்கும்.

7. மேல்பகுதியைச் சோதியுங்கள்

செயற்கைப் பொருளே நல்லது. தோல் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காயும்போது சுருங்கி விறைக்கும். பக்கவாட்டில் கீழே தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்க வேண்டும். விரல் முனையில் ரப்பர் காப்பு வேண்டும், ஏனென்றால் ஆற்றில் கல்லைக் கண்ணால் பார்ப்பதை விடக் காலால் இடித்துத்தான் கண்டுபிடிப்போம். பழைய பூட்ஸ் வாங்குகிறீர்கள் என்றால் சோலும் மேல்பகுதியும் சேரும் விளிம்பைக் கட்டைவிரலால் நெம்பிப் பாருங்கள். பசை விட்டிருந்தால் வேண்டாம்.

8. லேஸ் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

சரியான அளவில் வாங்கியும் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அடியிலிருந்து நுனி வரை ஒரே இறுக்கமாக இழுத்துவிடுகிறார்கள்.

விரல் பக்கம் தளர்வாக விடுங்கள். பாதம் மேல்நோக்கி வளையும் இடத்தில், கணுக்காலுக்கு முன்னால், லேஸை ஒன்றின்மேல் ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து நிறுத்துங்கள். தூண்டில் நரம்பின் மெல்லிய நுனியான டிப்பெட்டை இணைக்க சர்ஜன் முடிச்சு போடத் தெரிந்தவர்களுக்குக் கைப்பழக்கம் ஏற்கெனவே இருக்கும். அந்த இரட்டைச் சுற்று நழுவாது. குதிகாலைப் பின்னால் பிடித்து வைக்கும். அதற்கு மேலே முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு மிதமாகக் கட்டுங்கள். நேராக நின்று இறுக்கினால் நடக்கும்போது கெண்டைக்காலின் அடி அழுந்தும்.

நைலான் லேஸ் நனைந்ததும் தளரும். தண்ணீரில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, கரையேறி ஒரு முறை இறுக்கிக் கட்டுங்கள். அந்த ஒரு முறைக்குச் சோம்பல்பட்டால் மதியம் கணுக்கால் பிசகும்.

திருகி இறுக்கும் கம்பி முறை கொண்ட பூட்ஸ் குளிரில் விரைத்த விரலுக்குப் பெரிய உதவி. ஆனால் விரல் பக்கமும் கணுக்காலும் ஒரே இறுக்கத்தில்தான் வரும். பாதம் அகலமானவர்கள் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். ஒரு சாதாரண லேஸ் பையில் இருக்கட்டும், கம்பி அறுந்தால் கட்டிக்கொண்டு திரும்பலாம்.

9. ஸ்டட்டைப் பிறகு பொருத்துங்கள்

வாங்கிய அன்றே அடிக்க வேண்டாம். ஸ்டட் பொருத்திய பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அளவு சரி என்று உறுதியான பிறகு செய்யுங்கள்.

அந்தச் சோலுக்கென்று நிறுவனம் சொல்லும் ஸ்டட்டையே வாங்குங்கள். ஹார்டுவேர் கடைத் திருகு நீளமாக இருந்தால் நடக்க நடக்க உள்ளே ஏறி வேடர்ஸைக் குத்திவிடும். இடம், முன்பாதத்தின் ஓரங்களும் குதிகாலின் ஓரங்களும். எடை அங்கேதான் விழுகிறது. நடு வளைவில் அடிப்பது வீண். முன்பாதத்தின் நட்டநடுவில் நெருக்கமாக அடித்தால் ரப்பரே கல்லைத் தொடாது. வழுவழுப்பான வெறும் பாறையில் உலோகம் மட்டும் சறுக்கும். சில நாள் கழித்து ஒவ்வொன்றையும் விரலால் அசைத்துப் பாருங்கள், ஆடுவதை இறுக்குங்கள்.

10. ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவையுங்கள்

முதல் இரண்டு மூன்று முறை அரை நாளோடு நிறுத்துங்கள். ஏதாவது உரசினால் கொப்புளமாகும் முன் தெரிந்துவிடும்.

கரையேறியதும் சோலின் பள்ளங்களையும் லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்குப் பட்டைக்கு அடியையும் பிரஷ்ஷால் தேயுங்கள், சேறு அங்கேதான் தங்கும். டிடிமோ பரவாமல் இருக்க நியூசிலாந்தில் சொன்ன முறையை நான் எல்லா ஊரிலும் கடைப்பிடிக்கிறேன்: பாத்திரம் கழுவும் திரவத்தை 5 சதவீதம் கலந்த தண்ணீரில், அதாவது 10 லிட்டருக்கு அரை லிட்டர், நன்றாக நனைப்பது, அல்லது உள்ளும் புறமும் தொட்டால் காய்ந்திருக்கும்படி ஆனபின், மேலும் 48 மணி நேரம் காயவிடுவது. சேற்று நத்தை உள்ள ஆறாக இருந்தால் பூட்ஸை ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்தால் அது செத்துவிடும்.

இன்சோலை எடுத்துத் தனியாகக் காயவையுங்கள்; லேஸை முழுக்கத் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்து விடுங்கள். ஹீட்டர் பக்கத்திலோ வெயிலில் நிற்கும் காரின் டிக்கியிலோ வைக்காதீர்கள். சோல் கழன்றுபோகும் பூட்ஸ்களில் பல அந்தச் சூட்டில் பசை இளகிப் போனவைதான். காற்றோட்டமான நிழலில், உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஈரமானதும் தாளை மாற்றிக்கொண்டே வந்தால் சீக்கிரம் காயும்.